ரேடியோப் படகில் அவுலிஸ்

அவுலிஸைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. மனுஷர் நல்லவர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வருடக்கணக்காகக் கறாராக நடந்துவந்த எங்கள் வாத்து வேட்டைச் சங்கத்தை ஒரே மத்தியானத்தில் தலைகீழாக்கியவர் அவர்தான். அறுபத்தாறு வயதில் என் வாயில் ஒரு மர ஊதலைத் திணித்துவிட்டுப் போனவரும் அவர்தான். அதனால் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் ஊர்ப் பெண் ரவுனியைக் கட்டிக்கொண்டு ஏரிக்கரையில் வீடும் கட்டினார். ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரை குவோபியோ நகரத்தில்தான் வாசம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவார், சவுனா நீராவிக் குளியலில் உட்காருவார், ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிடுவார். முப்பத்தோரு வருடம் இப்படி. ஊரில் யாரும் அவரை வெளியூர்க்காரர் என்று சொன்னதில்லை. உள்ளூர்க்காரர் என்றும் சொன்னதில்லை.

ஓய்வு பெற்ற முதல் வாரமே என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான்தான் சங்கத்தின் செயலாளர். தீர்மான நோட்டும் சூப் பானையும் என் பொறுப்பு.

"ஹெல்வி, சங்கத்துல சேரணும். ஃபாரம் ஏதாவது இருக்கா?"

"ஃபாரம் எல்லாம் கிடையாது. என்ன திடீர்னு?"

அவர் தன் ஷூவைப் பார்த்தார். "ரவுனி பக்கத்துல உக்காரணும்."

"வீட்ல பக்கத்துலதானே உக்கார்றே?"

"வீட்ல அவ டிவியப் பாத்து உக்கார்றா. நான் சொல்றது மூணாம் மறைப்பு."

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஹௌகி ஏரியைச் சுற்றி நாணலுக்குள் ஒளிந்து உட்கார ஏழு மறைப்புகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பலகை. மூன்றாவதில் மட்டும் இரண்டு பேர் உட்காரலாம். அங்கே ரவுனியும் அவள் தம்பி எஸ்கோவும் உட்காருவார்கள். எஸ்கோ முட்டிவலி தாங்காமல் ஸ்பெயினுக்கு வெயில் காயப் போய் ஆறு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து பலகையின் பாதி காலி. அந்தப் பாதிக்கு மூன்று பேர் முயன்று பார்த்தார்கள். மூன்று பேரையும் ரவுனி தள்ளிவிட்டாள்.

எப்படித் தள்ளினாள் என்றால், எங்கள் ஊரில் முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்று சொல்லும் பழக்கம் யாருக்கும் இல்லை. அதற்காகக் காபிக் கோப்பை வைத்திருக்கிறோம். வேட்டைக்காலம் திறக்கும் நாளன்று வேட்டை முடிந்ததும் மேஜையில் எல்லாக் கோப்பைகளையும் கவிழ்த்து வைப்பேன். ஒரு வருடப் பயிற்சி முடித்துச் சேர வந்தவர் காபிக் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு சுற்றி வர வேண்டும். சம்மதம் உள்ளவர்கள் தங்கள் கோப்பையை நிமிர்த்துவார்கள். ஒரே ஒரு கோப்பை கவிழ்ந்திருந்தாலும் போதும், வந்தவர் கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். யாரும் எதுவும் பேச வேண்டாம், எதற்கும் காரணம் சொல்ல வேண்டாம்.

"எனக்கும் கவுத்துட்டா?" என்றார் அவுலிஸ்.

"நீயே அவகிட்ட கேட்டுடேன்."

"கேக்கலாம். மாட்டேன்னுட்டா அப்புறம் அந்த வீட்டுக்குள்ள எப்படி நடமாடறது?"

சம்மதம் கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமலேயே ஒரு வருடம் பயிற்சி ஆளாக இருந்து, கடைசியில் மனைவியின் கோப்பையைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன் என்று கிளம்பிய ஆள் இவர். நான் தலையில் அடித்துக்கொண்டு நோட்டில் பெயரை எழுதினேன்.

வேட்டைத் தேர்வில் அறுபது கேள்விக்கு அறுபதும் சரி. மாவட்டத்திலேயே அப்படி யாரும் வாங்கியதில்லையாம். படத்தில் காட்டினால் எந்த வாத்தையும் இறக்கை நுனியைப் பார்த்தே சொல்லிவிடுவார். தண்ணீரில் நீந்தும் வாத்தைக் காட்டினால்தான் குழப்பம். "படத்துல இடது பக்கம் பாத்து இருந்துச்சே" என்பார்.

சாமான் வாங்குகிற விஷயத்தில்தான் கூத்தே ஆரம்பித்தது. ரவுனி முதல் நாளே அவரிடம் சொல்லிவிட்டாள். அன்று நானும் அவர்கள் அடுப்படியில்தான் இருந்தேன்.

"நாலே சாமான்தான். முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸ். தோளுக்கு அடங்கற துப்பாக்கி. உக்கார ஒரு மெத்தை. மூடின வாய்."

"அவ்வளவுதானா?"

"வாய் மட்டும் கடையில கிடைக்காது. மத்ததை வாங்கிக்கோ."

அவுலிஸ் குறித்துக்கொண்டார். பிறகு நகரத்துக் கடைக்குப் போய் நாற்பத்தாறு சாமான் வாங்கிவந்தார்.

மார்பு வரை ஏறும் ரப்பர் கால்சட்டை ஒன்று. எங்கள் மறைப்புகளில் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் வராது. பத்தொன்பது பை வைத்த சட்டை ஒன்று. அந்தப் பைகளுக்கு ஒன்றிலிருந்து எண் போட்டு, எதில் என்ன இருக்கிறது என்று ஒரு அட்டவணை எழுதி, அந்த அட்டவணையைப் பதினான்காம் பையில் வைத்துவிட்டு, அது எந்தப் பை என்று மறந்துவிட்டார். இருபத்து நான்கு பிளாஸ்டிக் வாத்துகள், ஒவ்வொன்றின் அடியிலும் 'அடுத்த பரிசோதனைத் தேதி' என்று ஸ்டிக்கர். படகிலும் ஒட்டினார்: 'அதிகபட்சம் 2 பேர் அல்லது 160 கிலோ.'

துப்பாக்கியை மட்டும் ரவுனி சொன்னபடியே தேர்ந்தெடுத்தார். கண்ணை மூடித் தோளுக்குத் தூக்கி, கண்ணைத் திறந்தால் குழல் நேராகக் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது உனக்கான துப்பாக்கி இல்லை. இதற்காக ஒரு மாதம் அடுப்படியில் துடைப்பத்தை வைத்துப் பழகினார். தபால்காரர் கதவைத் திறந்தபோது, கண்ணை மூடிக்கொண்டு தன்னை நோக்கித் துடைப்பத்தை நீட்டிய அவுலிஸைப் பார்த்துக் கடிதங்களைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். அதற்கப்புறம் அந்த வீட்டுத் தபால் என் வீட்டுக்குத்தான் வருகிறது.

இலை இலையாகத் தொங்கும் மறைப்பு உடை ஒன்று. பளபளப்பாக எது இருந்தாலும் வாத்து பார்த்துவிடும் என்று கடைக்காரன் மந்திரம் ஓதி அனுப்பியிருக்கிறான். அந்த உடையைச் சோதித்துப் பார்க்கக் கொல்லைப்புறம் போய் நின்றார். ரவுனி உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீரைக் கொண்டுவந்து, எப்போதும் போலத் திராட்சைச் செடி ஓரத்தில் கொட்டினாள். செடி அலறியது.

"ஏன் மனுஷா சொல்லக் கூடாது, அங்க நிக்கிறேன்னு?"

"தெரியுதான்னு பாக்கத்தானே நின்னேன்!"

"தெரியல. சந்தோஷமா?"

ஒரு வாரம் அவர் காலில் களிம்பு. ஆனாலும் உடை தேறிவிட்டது என்று குறித்துக்கொண்டார்.

கடைசியாக அந்த ஊதல். மரத்தில் கடைந்தது, கட்டைவிரல் நீளம். ஊதினால் பெட்டை வாத்து கூப்பிடுவது மாதிரி இருக்குமாம். அவுலிஸ் ஊதினால் வேலியில் மாட்டிக்கொண்ட கன்றுக்குட்டி மாதிரிதான் இருந்தது. இது நான் மட்டும் சொல்வதில்லை. எங்கள் தலைவர் இல்போவுக்கு இருபது பசு உண்டு. அவுலிஸ் ஊதும்போதெல்லாம் இருபதும் ஏரிப்பக்கம் வந்து வேலியோரம் நின்று பதில் கொடுக்கும். இல்போ நேராகவே வந்து கேட்டுவிட்டார்.

"யோவ், என் மாடு மேயவே மாட்டேங்குது. அந்தக் கருமத்த எங்கயாவது பத்திரமா வெச்சுத் தொலையேன்!"

எட்டாம் பையில் பத்திரமாக வைத்தார்.

இத்தனை சாமான் இருந்தாலும், திறப்பு நாளன்று பயிற்சி ஆளுக்கு எங்கள் சங்கம் கொடுப்பது ஒரே ஒரு சாமான்தான். பழுப்பு நிறப் பழைய ரேடியோ. அது ஏன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஆகஸ்ட் இருபது, மத்தியானம் சரியாகப் பன்னிரண்டு மணிக்குத்தான் வாத்துக் காலம் திறக்கும். அதற்கு முன் ஒரு தோட்டா வெடித்தாலும் சட்ட விரோதம். எண்பத்தேழாம் வருடம் அர்மாஸ் தன் கைக்கடிகாரப்படி பன்னிரண்டுக்குச் சுட்டார். இல்போவின் அப்பாவின் கைக்கடிகாரப்படி அது பதினொன்று ஐம்பத்தெட்டு. அதோடு சங்கம் இரண்டாக உடைந்தது. ஒரே ஏரிக்கு இரண்டு சங்கம், இரண்டு கொட்டகை, ஒன்பது வருடம். சூப் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் நான்தான் வைத்தேன். சமாதானம் பேசியபோது ஒரு தீர்மானம் போட்டோம். எழுதியது நானே. திறப்பு நாளன்று ஏரிக்குப் போகும் முன் எல்லாரும் கடிகாரத்தையும் போனையும் என் பிஸ்கட் டின்னில் போட்டுவிட வேண்டும். நான் அதைக் கயிறு போட்டுக் கட்டிக் கரையில் வைத்துக்கொள்வேன். பயிற்சி ஆள் ரேடியோவோடு ஏரி நடுவில் படகில் நிற்பார். தினமும் மத்தியானம் ரேடியோவில் வருமே துர்க்கு நகரப் பேராலய மணி, அது பன்னிரண்டு அடித்து முடித்ததும் ரேடியோக்காரர் படகில் குப்புறப் படுத்துக்கொள்வார், மற்றவர்கள் சுடலாம். அதன் பிறகு எங்களுக்குள் ஒரு சண்டை வந்ததில்லை.

சென்ற ஆகஸ்ட் இருபது. காற்றில்லாத வெயில். பதினொரு மணிக்கு எல்லாரும் என் டின்னில் கடிகாரம் போட்டார்கள். அவுலிஸிடம் மட்டும் நான்கு கடிகாரம் இருந்தது. ரவுனி தன்னுடையதைப் போட்டுவிட்டு, நாய் முர்ரேவைக் கூட்டிக்கொண்டு, அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மூன்றாம் மறைப்புக்குப் போனாள். அவுலிஸ் அவள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இருபத்து நான்கு பிளாஸ்டிக் வாத்து, பை வைத்த சட்டை, ரப்பர் கால்சட்டை, இலை உடை சகிதம் படகேறினார்.

ஏரி நடுவில் போய் வாத்துகளை வரிசையாக மிதக்கவிட்டார். ரேடியோவில் ஒருவர் வீட்டுக் கூரைப் பராமரிப்பு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தண்ணீரில் சத்தம் நன்றாகப் பரவும். ஏழு மறைப்புக்கும் கேட்டது, கரையில் எனக்கும் கேட்டது. ஆனால் கரகரவென்று இழுத்தது. காரணம் எனக்கு அங்கிருந்தே தெரிந்துவிட்டது. பளபளப்பு கூடாது என்று மனுஷர் ரேடியோவின் ஆன்டெனா முழுக்கப் பச்சை டேப்பைச் சுற்றி, படகில் ஓரமாக மடக்கிக் கட்டியும் வைத்திருக்கிறார்!

அவர் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்று டேப்பைப் பிய்க்க ஆரம்பித்தார். படகு ஆடியது.

மூன்றாம் மறைப்பிலிருந்து ஒரு குரல் வந்தது. "அவுலிஸ், உக்காரு. விழுந்துடுவே."

ரவுனி! முப்பது வருடத்தில் திறப்பு நாளன்று மறைப்பிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அவுலிஸும் கேட்டதில்லை போலிருக்கிறது. சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினார். ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது: "பரணில் ஈரம் சேராமல் இருக்க நீங்கள் முதலில் செய்ய வேண்டியது என்னவென்றால்—"

தொபுக்.

அவ்வளவுதான். ரேடியோ தண்ணீருக்குள் போய்விட்டது. அவுலிஸ் வெறுங்கையோடு படகில் நின்றார். ஏரி கப்சிப்.

பிறகு முதலாம் மறைப்பிலிருந்து இல்போ.

"ஏம்ப்பா, முதல்ல என்ன பண்ணணும்னு சொன்னான்?"

"கேக்கல" என்றார் அர்மாஸ், ஐந்தாம் மறைப்பிலிருந்து.

"எங்க வீட்டுப் பரண்ல ரெண்டு வருஷமா ஈரம்ப்பா."

"மணிக்கு என்ன பண்றதுன்னு யோசிய்யா முதல்ல!"

யோசித்தார்கள். கடிகாரம் எல்லாம் என் டின்னில். நான் கயிற்றை அவிழ்க்கலாமா என்றால், மணி அடித்த பிறகுதான் அவிழ்க்கலாம் என்று நானே என் கையால் எழுதித் தொலைத்திருக்கிறேன். டின் என் மடியில் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதைத் தூக்கி ஏரியில் எறிந்திருப்பேன்.

கொஞ்ச நேரத்தில் டின்னுக்குள் ஒரு போன் பாட ஆரம்பித்தது. அர்மாஸின் போன். எண்பத்து நாலு வயது, ரத்தக்கொதிப்பு மாத்திரை. தினமும் சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் போட வேண்டும் என்று மகள் அலாரம் வைத்துக் கொடுத்திருக்கிறாள். ஊருக்கே தெரியும்.

"பன்னெண்டு ஆயிடுச்சு!" என்று கத்தினார் அர்மாஸ்.

"அது மாத்திரை மணி. துர்க்கு மணி இல்ல" என்றார் இல்போ.

"அப்ப நான் மாத்திரை போடலாமா கூடாதா?"

"மாத்திரை போடு. சுடாதே."

"பன்னெண்டு ஆகாம எப்படிய்யா மாத்திரை போடறது?"

"உன் உடம்புக்குப் பன்னெண்டு ஆயிடுச்சு. சங்கத்துக்கு ஆகல."

அர்மாஸ் மாத்திரையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். எண்பத்தேழில் முதல் தோட்டா அவருடையது. இன்னொரு தடவை முந்திக்கொள்ள அவருக்குத் தைரியம் இல்லை. மற்றவர்களுக்கும் இல்லை. எல்லாருக்கும் மணி தெரியும். தெரியும் என்று ஒத்துக்கொள்ள ஒரு ஆள் இல்லை.

அதே நேரம் மேட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கிற பெரிய ஏரியில் டமார் டமார் என்று வெடிக்க ஆரம்பித்தது.

"அவங்க ஆரம்பிச்சிட்டாங்க" என்றது ஒரு குரல்.

"அது வேற சங்கம்" என்றார் இல்போ.

அங்கே சுடச் சுட அங்கிருந்த வாத்தெல்லாம் கிளம்பி எங்கே வரும்? யாருமே சுடாத ஏரிக்குத்தான். முதலில் ஐந்து. பிறகு இருபது. பிறகு கணக்கில்லை. எங்கள் ஹௌகி ஏரியில் நான் பிறந்ததிலிருந்து அத்தனை வாத்து பார்த்ததில்லை. அவுலிஸின் பிளாஸ்டிக் வாத்துகளுக்கு நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்தன. மறைப்புகளுக்கு முன்னால் சாவகாசமாக நீந்திப் போயின. ஒன்று படகின் விளிம்பிலேயே ஏறி உட்கார்ந்து, அவுலிஸின் ரப்பர் கால்சட்டைக்குப் பக்கத்தில் இறகு கோதியது. ஏழு மறைப்பிலும் தோட்டா போட்ட துப்பாக்கியோடு ஆட்கள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என் பட்டாணி சூப் அடிப்பிடித்தது.

"ஹெல்வி!" இல்போவின் குரல் கெஞ்சியது. "நோட்டுல என்னதாம்மா போட்டிருக்கு? படியேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து நின்று உரக்கப் படித்தேன்: "பன்னிரண்டு முறை ஒலி கேட்ட பின்னரே காலம் திறந்ததாகக் கொள்ளப்படும். ஒலிக்கு ரேடியோக்காரர் பொறுப்பு. இப்படிக்குச் செயலாளர்."

"ரேடியோ பொறுப்புன்னு போடலியா?"

"ரேடியோக்காரர்னுதான் போட்டிருக்கு."

எல்லாரும் ஏரி நடுவைப் பார்த்தார்கள். அவுலிஸ் நின்றுகொண்டே இருந்தார். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, இலைதான் தெரிந்தது. ஆனால் தோள் தொங்கிப்போயிருந்தது. ஒரு வருடப் பயிற்சி, அறுபதுக்கு அறுபது, வெந்த கால், எல்லாம் தண்ணீருக்கடியில். இனி யார் கோப்பையை நிமிர்த்தப் போகிறார்கள்? பாவமாக இருந்தது எனக்கு. அதை அன்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு அவர் கை பைகளைத் தடவ ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. எட்டாம் பையில் நின்றது.

"வேணாம்யா!" என்று அலறினார் இல்போ. "மாடு!"

அவுலிஸ் ஊதினார். ஒரு தடவை. நீளமாக, நிதானமாக, சர்ச் மணி அடிக்கிற கணக்கில். வேலியில் மாட்டிய கன்றுக்குட்டி துர்க்கு பேராலயத்தின் உச்சியில் ஏறி நின்று கத்தினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. நிறுத்தினார். மூச்சு வாங்கினார். இரண்டாவது. வாத்துகள் எல்லாம் கழுத்தை நீட்டி ஒரே பக்கம் பார்த்தன. மூன்றாவதற்கு அர்மாஸ் பழக்கதோஷத்தில் தொப்பியைக் கழற்றினார். ஐந்தாவதற்கு இல்போவின் மாடுகள் வேலிக்கு வந்துவிட்டன. ஏழாவதிலிருந்து அவையும் சேர்ந்துகொண்டன. யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை. எல்லாரும் ரேடியோ மணிக்கு எண்ணுவது போலவே உதட்டை அசைத்து எண்ணினார்கள், நானும் எண்ணினேன்.

பன்னிரண்டு.

அவுலிஸ் குப்புற விழுந்தார். ஏரியே இறக்கை முளைத்து எழும்பியது போல வாத்துகள் கிளம்பின. சுட்டார்கள். ரவுனிக்கு நான்கு. இல்போவுக்கு ஒன்று. அர்மாஸ் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு துப்பாக்கியைத் தூக்குவதற்குள் வானம் காலி. மற்றவர்கள் சுட்டது எதுவும் படவில்லை. அவுலிஸ் கரைக்கு வந்தபோது படகை மறைக்கப் போட்டிருந்த வலைக்கடியில் இரண்டு வாத்து உயிரோடு ஒளிந்திருந்தன. அவர் கவனிக்கவில்லை. கவனித்த நானும் வாயைத் திறக்கவில்லை.

டின்னைத் திறந்தேன். பன்னிரண்டு ஐம்பத்தொன்று.

கொட்டகையில் மேஜை போட்டு, ரை மாவு ரொட்டிக்குள் மீன் வைத்துச் சுட்டதை வெட்டி வைத்து, எட்டுக் கோப்பையையும் கவிழ்த்தேன். அவுலிஸ் இலை உடையோடேயே கெட்டிலைத் தூக்கினார். முதலில் இல்போ.

இல்போ கோப்பையை நிமிர்த்தவில்லை. அவரையே முறைத்துப் பார்த்தார். "பரணுக்கு முதல்ல என்னதான்யா பண்ணணும்?"

"முதல்ல காத்துக்கு வழி விடணும்" என்றார் அவுலிஸ். "கூரை ஓரத்துல அடச்சிருப்பே. நான் நாளைக்கு வந்து பாக்கறேன்."

இல்போ நிமிர்த்தினார். அவுலிஸ் ஊற்றினார். அடுத்து அர்மாஸ், ஒரு கையில் மாத்திரை, மறு கையால் நிமிர்த்தினார். ஒவ்வொருவராக நிமிர்த்தினார்கள். நானும் நிமிர்த்தினேன், வேறென்ன செய்வது! ரவுனி கடைசி. அவள் கோப்பையைப் பார்க்காமல் அவுலிஸ் கெட்டிலின் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ரவுனி கோப்பையை நிமிர்த்தினாள்.

அவுலிஸ் மூச்சு விட்டது மேஜைக்கு இந்தப் பக்கம் கேட்டது. ஆனால் அவர் ஊற்றுவதற்குள் இல்போ எழுந்துவிட்டார். சந்தோஷம் வந்தால் அவருக்குப் பேச்சு வரும். அதுதான் கெடுதல்.

"ஒரு தீர்மானம். ஹெல்வி, எழுதிக்கோ. இத்தனை வாத்து நம்ம ஏரிக்கு என்னைக்காவது வந்திருக்கா? ரேடியோவே இனிமே வேணாம். நம்ம அவுலிஸ்தான் சங்கத்தோட மணி. வருஷா வருஷம், ஆயுசு பூரா, நடு ஏரியில படகு அவருக்குத்தான்!"

எல்லாரும் மேஜையைத் தட்டினார்கள். எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. அவுலிஸ் சிரிக்க முயன்றார். வாய்தான் சிரித்தது. ஆயுசு பூரா நடு ஏரியில் என்றால் மூன்றாம் மறைப்பு என்னாவது? கேட்க அவருக்கு வாய் வரவில்லை. "ரொம்ப நன்றி" என்றார் மெதுவாக.

ரவுனி தன் கோப்பையைத் தூக்கினாள். கவிழ்த்து வைத்தாள். டக் என்று சத்தம் கேட்டது.

"ஏம்மா," என்றார் இல்போ, "சொந்தப் புருஷனையே தள்ளிவிடறியா?"

"உனக்கு மணி வேணும்னா போய் ஒரு மணி வாங்கிக்கோ இல்போ." ரவுனியின் குரல் உயரவில்லை, ஆனால் காது சிவந்திருந்தது. "எனக்கு இந்த மனுஷன் மூணாம் மறைப்புல வேணும். ஆறு வருஷமா அந்தப் பாதிப் பலகைய எதுக்குப் பிடிச்சு வெச்சிருக்கேன்னு நெனச்சீங்க? மூணு பேருக்குக் கோப்பையக் கவுத்தேனே, பொழுது போகாமயா கவுத்தேன்? முப்பத்தோரு வருஷம் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமைதான் இவனப் பாத்தேன். இனிமேலும் தூரத்துல படகுலதான் பாக்கணுமா? என்னால ஆகாது."

அவள் அவ்வளவு நீளமாகப் பேசி ஊர் கேட்டதில்லை. அவளே பேசி முடித்ததும் பயந்தவள் போல நாயின் காதைப் பிடித்துக்கொண்டாள்.

"உக்கார மெத்தைகூடத் தெச்சு வெச்சாச்சு" என்றாள் நாயிடம்.

அவுலிஸ் கெட்டிலோடு நின்றார். "எப்ப தெச்சே?"

"நீ ரிட்டயர் ஆகறதுக்கு முந்தின குளிர்காலம்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"நீ கேக்கவே இல்லியே."

இல்போ உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். "சரிம்மா, சரி. மூணாம் மறைப்பு. ஆனா அடுத்த வருஷம் யார் ஊதறது? சுடாத ஆளா இருக்கணும். பொறுப்பான ஆளா இருக்கணும்."

அந்த மேஜையில் சுடாத ஆள் ஒரே ஒருத்திதான். ஒவ்வொரு தலையாக என் பக்கம் திரும்பியது. நான் வாயைத் திறப்பதற்குள் அவுலிஸ் எட்டாம் பையிலிருந்து ஊதலை எடுத்து, இலையில் துடைத்து, என் தீர்மான நோட்டின் மேல் வைத்துவிட்டார். அடுத்த நாள் ஒரு தடவை ஊதிப் பார்த்தேன். இருபது மாடும் வந்தன.

ரவுனி கோப்பையை நிமிர்த்தினாள். அவுலிஸ் ஊற்றினார். முப்பத்தோரு வருடம் லிஃப்ட் குழிகளில் கயிற்றில் தொங்கி வேலை பார்த்த கைக்கு ஒரு கோப்பைக் காபியை அளந்து ஊற்ற வரவில்லை. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் ஊற்றிக்கொண்டே இருந்தார். கோப்பை நிறைந்து சாஸரிலும் வழிந்தது.

ரவுனி தான் உட்கார்ந்திருந்த பலகையில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். சாஸரை இரண்டு கையாலும் தூக்கி, முதலில் வழிந்ததைக் குடித்தாள்.